ஊற்றுக்கு ஒரு முறை உண்டு

'யாருக்கும் தெரியாத ஊற்று' என்று அந்த வீடியோவுக்குத் தலைப்பு வைத்தது நான்தான். இந்தக் கட்டுரையில் யாரையாவது திட்டுவதாக இருந்தால், முதல் திட்டு எனக்கு விழட்டும். மற்றவர்கள் பின்னால் வரிசையில் நிற்கலாம்.

நாற்பது நொடி வீடியோ. தனுஷ்கோடிப் பக்கம், ரோட்டிலிருந்து மணலுக்குள் இறங்கிப் பத்து நிமிட நடை. தெற்கே ஆண்கடல் இரைந்துகொண்டிருக்கிறது, வடக்கே பெண்கடல் குளம்போலக் கிடக்கிறது. நடுவில், அடம்பங்கொடி படர்ந்த மணல்மேட்டின் அடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. குழிக்குள் தெளிந்த தண்ணீர். சென்னையிலிருந்து வந்த என் தோழி ஒரு கை அள்ளிக் குடிக்கிறாள். கண் விரிகிறது. "ஏய், இனிக்குதுடி!" அவ்வளவுதான். பின்னணியில் ஒரு புல்லாங்குழல்.

அந்தக் குழியைத் தோண்டியது என் அத்தை. வீடியோவில் அவர் இல்லை. படம் எடுக்கும்போது, "அத்தை, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க, ஃபிரேமுக்குள்ள வர்றீங்க" என்று நான் சொன்னேன். அவர் குடத்தையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். 'யாருக்கும் தெரியாத' என்று எழுத வேண்டுமானால், தெரிந்தவரை முதலில் ஓரமாக நிறுத்தத்தானே வேண்டும்?

மூன்று மாதம் கழித்து அத்தை போன் செய்தார். அவராகப் போன் செய்கிற ஆள் இல்லை.

"ஊத்துல நொரை மெதக்குது மருமகளே."

யாரோ நான்கைந்து பேர் வந்து தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலிப் பாக்கெட்டுகள் மணலில் கிடந்தனவாம். அன்றைக்கு அந்தக் குடியிருப்பு முழுக்கக் காசு கொடுத்துக் குடத்தண்ணீர் வாங்கியது. நான்தான் லொக்கேஷன் போட்டேன் என்று அத்தைக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் கேட்கவில்லை. இன்றுவரை எது என்று எனக்கு விளங்கவில்லை.

*

இந்தப் பழக்கம் எனக்கு எங்கே தொற்றியது என்று யோசித்தேன். இமயமலையில் தொற்றியது.

கல்லூரி முடித்த வருடம் இமாச்சலத்தில் பார்வதிப் பள்ளத்தாக்குக்குப் போனோம். பர்ஷைனி என்ற ஊரில் வண்டி நிற்கும். அங்கிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து ஏறினால் கீர்கங்கா. கடல்மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 2,900 மீட்டரில் ஒரு வெந்நீர் ஊற்று. சிவன் மகன் கார்த்திகேயன் அங்கே ஆயிரம் ஆண்டு தவம் இருந்தான் என்பது அந்த ஊர்க்கதை. நம்ம முருகன்தான். பழனிக்கு வருவதற்கு முன்னாலா பின்னாலா என்று பேசிச் சிரித்துக்கொண்டே ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது கால் கெஞ்சியது. சுற்றிலும் பனிமலை, நடுவில் ஆவி பறக்கும் தண்ணீர். ஆண்களுக்குத் திறந்த குளம், எதிரே மலை. பெண்களுக்கு நான்கு சுவர். அந்தச் சுவரைப் பற்றித் தனியாக ஒரு சண்டை போடலாம், இப்போது வேண்டாம்.

நான் சொல்ல வருவது வேறு. அங்கே நாங்கள் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டோம் தெரியுமா? செருப்பை வெளியே கழற்றினோம். முதலில் குழாயில் உடம்பைக் கழுவிக்கொண்டு, பிறகுதான் குளத்தில் இறங்கினோம். சோப்பை எடுக்கவே இல்லை. ஒருத்தி தெரியாமல் ஷாம்பூ பாக்கெட்டைப் பிரித்தபோது, "ஏய், கோயில் தண்ணிடி" என்று அவள் கையைத் தட்டிவிட்டது நான்.

கீர்கங்காவிலும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புல்வெளி முழுக்கக் கூடாரம் முளைத்து, குப்பை சேர்ந்து, 2018-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு வனத்துறை வந்து அகற்ற வேண்டியிருந்தது. வெந்நீரை மதித்தவர்கள்தான் வெந்நீரைச் சுற்றியிருந்த மலையைக் குப்பைக்கூடை ஆக்கினார்கள். சாமி இருக்கும் தண்ணீருக்கு மட்டும் கும்பிடு. சாமி இல்லாத நிலத்துக்குப் பிளாஸ்டிக்.

ஆனால் ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, மொழி தெரியாத ஊரில் ஊற்றுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த எனக்கு, சொந்த அத்தை தோண்டிய ஊற்றுக்குக் கொடுக்கத் தெரியாமல் போனது எப்படி?

என் பதில் இதுதான். பலகையில் எழுதிய விதிக்கு நாம் அடங்குகிறோம். சாமி பேரைச் சொன்ன விதிக்கு அடங்குகிறோம். நாலு பொம்பளைகள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிற விதி நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அது தெரியாத இடத்துக்குத்தான் 'யாருக்கும் தெரியாத இடம்' என்று பெயர் வைக்கிறோம்.

*

ராமநாதபுரம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாவில் மந்திரி போலீஸ்காரரை மிரட்டுவார்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு நாங்கள்தான். எங்கள் மாவட்டமே மற்றவர்களுக்கு ஒரு தண்டனை.

தண்ணியில்லாக் காட்டில் மனிதர்கள் எப்படி நூற்றாண்டுக்கணக்காக இருந்தார்கள் என்று மிரட்டியவரும் கேட்பதில்லை, மிரண்டவரும் கேட்பதில்லை. உள்நாட்டில் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள். வைகைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கண்மாய் கைமாற்றினார்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று இன்றும் சொல்வார்கள். வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் ஒரே மூச்சில். அதைப் பிடித்து வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்டுவது ஒரு பெரிய கெட்டிக்காரத்தனம்.

ராமேஸ்வரம் தீவில் அந்த வேலையைச் செய்வது மணல். எங்கள் தீவில் மலை கிடையாது. கந்தமாதன பர்வதம் என்று பேர் பெத்த பேராக ஒன்று இருக்கிறது. ராமர் பாதம் அதன் உச்சியில்தான். ஏறிப் பார்த்தால் ஒரு மணல்மேடு. இமயமலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தத் தீவில் தண்ணீரைச் சுமப்பது இந்த மாதிரி மேடுகள்தான்.

கீர்கங்காவில் நடப்பது என்ன? மழையும் பனி உருகிய நீரும் பாறை வெடிப்புகளில் வெகு ஆழம் இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. தனுஷ்கோடியில் நடப்பது என்ன? மழை மணலுக்குள் இறங்குகிறது. கீழே கடல்நீர் இருக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். அதனால் மழைநீர் அதோடு உடனே கலந்துவிடாமல், அதன் மேலே எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, மணலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நன்னீர் வில்லை. அத்தை தோண்டுவது அந்த வில்லையின் மேல்தோலை. கடலுக்கு ஐம்பது அடி தள்ளி இனிப்புத் தண்ணீர் வருவதன் ரகசியம் இவ்வளவுதான். அங்கே வெந்நீர், இங்கே தண்ணீர். இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்த மழை.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்ற டச்சுக்காரரும், 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாகப் போட்ட கணக்கு. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிவரை அது இறங்கி நிற்கும். மகிழ்ச்சியான கணக்கு. அதையே திருப்பிப் போடுங்கள். மேலே ஒரு சாண் தண்ணீரை நிரந்தரமாக உறிஞ்சினால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது சாண் ஏறி வரும். ஒரே நாளில் வராது. மெதுவாக, சத்தமில்லாமல் வரும். வந்துவிட்டால் அதைக் கீழே அனுப்ப எத்தனை மழைக்காலம் வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மணல்மேடு என்பது காட்சி இல்லை. அதுதான் தொட்டி. அதுதான் வடிகட்டி. அதுதான் மூடி. அதன்மேல் வண்டி ஏற்றிச் சறுக்கி விளையாடுகிறவர்கள் ஒரு ஊரின் தண்ணீர்த் தொட்டிமேல் விளையாடுகிறார்கள். அதன் பின்னால் ஒதுங்குகிறவர்கள் ஒரு ஊரின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒதுங்குகிறார்கள். அசிங்கமாக இருக்கிறதா? இருக்கட்டும். விடுமுறை நாளில் அரிச்சல்முனைக்கு எத்தனை பஸ், எத்தனை வேன், எத்தனை கார் வருகிறது என்று போய் நின்று பாருங்கள். அத்தனை பேரும் எங்கே ஒதுங்குவார்கள் என்று பிறகு யோசியுங்கள்.

*

இப்போது 'முறை' என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று. ஒழுங்குக்கும் முறை என்கிறோம். நம் வாய்ப்பு வருவதற்கும் 'என் முறை' என்கிறோம். உறவுக்கும் முறை என்கிறோம். 'நீ எனக்கு என்ன முறை வேணும்?' ஊற்றங்கரையில் இந்த மூன்றும் ஒன்றுதான்.

அத்தையின் குடியிருப்பில் என்ன முறை என்று சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். விடியுமுன் முதல் ஆள் போவார். ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர் அவருக்கு. ஆனால் முதல் ஆள் தினமும் மாறும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், நோயாளி இருந்தால், வரிசை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கும். வாளியைப் போட்டு அள்ளக் கூடாது. சிரட்டையால் மொண்டு மொண்டுதான் குடத்தை நிரப்ப வேண்டும். சிரட்டை மெதுவாக அள்ளும், ஊற்றும் மெதுவாக ஊறும், இரண்டும் ஒத்துப்போகும். முழங்காலுக்குக் கீழே தோண்டக் கூடாது. தோண்டினால்?

"கசப்பு ஏறிரும்த்தா. கடல் கீழ படுத்திருக்குல்ல. அதை எழுப்பக் கூடாது."

கைபனும் ஹெர்ஸ்பெர்க்கும் சொன்னதை அத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்புவரை.

இன்னும் இருக்கிறது. கடைசியாக மொண்டவர் குழியைப் பனையோலையால் மூடிவிட்டு வர வேண்டும், ஆடு வாய் வைக்காமல் இருக்க. துணி துவைப்பது நாற்பது எட்டுத் தள்ளி, கடல் பக்கமாக. தண்ணீர் லேசாகக் கரித்தால் அந்தக் குழியைத் தூர்த்துவிட்டு வேறு இடத்தில் தோண்ட வேண்டும். பழைய குழிக்கு ஓய்வு. வெளியாள் தாகம் என்று வந்தால் யாராயிருந்தாலும் கொடுக்க வேண்டும், ஆனால் அவர் கையால் அள்ள விடக் கூடாது. மொண்டு ஊற்ற வேண்டும்.

அந்தக் கடைசி விதியைத்தான் என் வீடியோவில் என் தோழி மீறினாள். நான் மீற வைத்தேன். கையால் அள்ளிக் குடித்தால்தான் படம் நன்றாக இருக்கும் என்று சொன்னது நான்.

எனவே நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். ஊற்று ஓர் இடம் இல்லை. ஊற்று ஒரு முறை. முறையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குழி. 'ஸ்பாட்' தேடி வருகிறவர்கள் முறையை விட்டுவிட்டு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். லொக்கேஷனில் அட்சரேகை வரும், தீர்க்கரேகை வரும். யார் முறை என்பது வராது.

*

கோயிலுக்குள் போனால் இது எல்லோருக்கும் புரிகிறது என்பதுதான் வேடிக்கை. ராமநாதசுவாமி கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தங்கள். முதலில் கடலில், அக்கினி தீர்த்தத்தில் முழுக்கு. பிறகு ஈரத்துணியோடு உள்ளே ஒவ்வொரு தீர்த்தமாக, வரிசைப்படி. கிணற்றுமேட்டில் ஒருவர் நின்று வாளியால் இறைத்து ஊற்றுவார். நீங்களாக இறைக்க முடியாது. கடைசியாகக் கோடி தீர்த்தம். காசியிலிருந்து வந்தவரும் சரி, கோயம்புத்தூரிலிருந்து வந்தவரும் சரி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அந்த முறைக்கு அடங்குகிறார்கள். அதே ஆட்கள் அதே மத்தியானம் தனுஷ்கோடிக்குப் போய்க் குழியில் கால் கழுவுகிறார்கள்.

தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் ஒரு கிணறு. நடைபாலத்தில் போய் இறைத்தால் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்தது, ராமன் வில்லை ஊன்றினான், தண்ணீர் வந்தது என்பது கதை. என் ஊர்க்கதை, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வில்லைத்தான் சொல்கிறோம், தாகத்தைச் சொல்வதில்லை. ஒரு தடவை வில் ஊன்றியவனுக்குத் தீர்த்தம், பாலம், பலகை. தினம் தினம் முட்டிபோட்டுத் தோண்டுகிறவளுக்கு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இன்னொரு ஊற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம். 1914-இலிருந்து தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் புயல் அந்தத் துறைமுகத்தை அழித்தது. ரயிலும் கப்பலும் போன பிறகு வேறு விதமாக ஆட்கள் வந்தார்கள், படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. மண்டபம் முகாமில் திருகோணமலைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். கீர்கங்கா படங்களை அவரிடம் காட்டிப் பெருமையடித்தேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்கட கன்னியாவில ஏழு கிணறு இருக்குது பிள்ளை. ஒண்டொண்டும் ஒவ்வொரு சூடு. அம்மா செத்து முப்பத்தொராம் நாள் அங்கதான் போய்க் குளிச்சனாங்கள்."

கன்னியா வெந்நீர் ஊற்றுகள். ராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய உண்டாக்கிய நீர் என்பது அங்கத்திய நம்பிக்கை. அதனால் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் செத்தவர்களுக்கான கடனை அங்கே கழிக்கிறார்கள். போருக்குப் பிறகு அந்த இடம் தொல்லியல் துறையின் கைக்குப் போனது. பௌத்தச் சின்னம் என்ற உரிமைகோரல் எழுந்தது. 2019 ஜூலையில் தமிழர்கள் அங்கே திரண்டு போராடினார்கள், தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அம்மாவுக்குக் கடன் கழிக்கப் போன இடத்தில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய நிலையும் வந்தது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அரசின் கை வேறு, என் செல்போன் வேறு. அதன் வலியும் வேறு. ஆனால் அந்த முதியவர் சொன்னதைக் கேட்டபோது ஒன்று உறைத்தது. ஓர் ஊற்றைப் பறிக்க வேண்டுமானால் தண்ணீரை எடுத்துப் போக வேண்டியதில்லை. அங்கே முறை இருந்தது என்பதை மறக்கடித்தால் போதும். அதிகாரம் அதைப் பலகை நட்டுச் செய்கிறது. நாம் தலைப்பு வைத்துச் செய்கிறோம்.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். பாதியை நானே சொல்லியிருக்கிறேன்.

முதல் வாதம்: "அப்ப யாருமே வரக் கூடாதா? கடலும் மணலும் உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" வாங்க. தாராளமாக வாங்க. ஊரே உங்களை நம்பி இருக்கிறது. மீன் வறுத்து விற்கிறார்கள், சங்கு விற்கிறார்கள், பாசிமணி விற்கிறார்கள். அதெல்லாம் உங்களுக்காகப் போட்ட கடை. ஊற்று உங்களுக்காகப் போட்ட கடை இல்லை. ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம். அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்க மாட்டோம் அல்லவா? இவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது வாதம்: "அங்க யாரும் இல்லையே. அது பேய் நகரம்தானே?" இதைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. புயலுக்குப் பிறகு அரசாங்கம் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது உண்மை. அந்த அறிவிப்புக்குப் பிறகு அறுபது வருடமாக மீனவக் குடும்பங்கள் அங்கே வலை இழுக்கின்றன, பிள்ளை பெறுகின்றன. சர்ச்சின் இடிந்த சுவரைப் படம் எடுக்கிறீர்களே, அந்தச் சுவருக்குப் பின்னால் காயும் துணி யாருடையது? பேய் துணி துவைக்குமா? ஆளில்லாத ஊர் என்று சொல்வது அங்கே இருக்கிற ஆளை மனிதராக எண்ணாத பேச்சு. 'யாருக்கும் தெரியாத ஊற்று' என்று நான் வைத்த தலைப்பும் அதே பேச்சின் நாகரிகமான வடிவம்தான்.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. "பொம்பளைங்க முட்டிபோட்டு மணல் தோண்டுறதைப் போய் அழகுன்னு சொல்றியே, அவங்களுக்குக் குழாய் வேணாமா?" வேண்டும். இதை அத்தையே என்னிடம் கேட்டார். "கொழாய் வந்தா நான் ஏன்த்தா தோண்டுறேன்? எனக்கென்ன வேண்டுதலா?" 2017 ஜூலையில் அரிச்சல்முனைவரை தார் ரோட்டைத் திறந்தார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஒன்பது, ஒன்பதரை கிலோமீட்டர் அருமையான ரோடு. முன்பு மணலில் வேன் குலுங்கக் குலுங்கப் போன இடத்துக்கு இப்போது ஏசி கார் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த ரோட்டோடு அத்தையின் குடியிருப்புக்கு ஒரு குழாய் வரவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு வழி போட முடிந்த மண்ணில், இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் போட முடியாதா?

ஆக, நான் முட்டிபோடுவதைக் கொண்டாடவில்லை. குழாய் வரட்டும். வந்த பிறகும் அந்த முறை தெரிந்தவர்கள் வேண்டும். குழாயில் காற்று வரும் நாள் ஒன்று வரும்; எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அது புதிதில்லை. அன்றைக்கு மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும். மேடுகளைக் கரைத்து, போர்வெல் இறக்கி, கழிவைப் புதைத்து, கடலை எழுப்பிவிட்டால், அத்தை போய்த் தோண்ட எதுவும் இருக்காது.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்: அடுத்த வாகன நிறுத்தத்துக்கு முன்னால் குடியிருப்புகளுக்குக் குடிநீர். மணலில் கசியாத கழிப்பறைகள், அந்தக் கழிவை அள்ளித் தீவின் உள்ளே கொண்டுபோக ஏற்பாடு. மணல்மேட்டில் ஆழ்துளைக் கிணறு இறக்கத் தடை. உங்களிடம் கேட்பது அதைவிடக் குறைவு. குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள். மணலில் குழி பார்த்தால் கேட்டுவிட்டுப் பக்கத்தில் போங்கள். ஊற்றித் தந்தால் குடியுங்கள். லொக்கேஷன் போடாதீர்கள். 'கண்டுபிடித்தேன்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து கடலில் போட்டுவிட்டுப் போங்கள்.

கவனித்திருப்பீர்கள், இந்தக் கட்டுரையில் அந்தக் குடியிருப்பின் பெயர் இல்லை.

*

வீடியோவை அழித்துவிட்டேன். அதனால் பெரிய பயன் இல்லை. என் தோழி கண்ணை விரித்து "இனிக்குதுடி" என்று சொல்வது வேறு யார் யாருடைய பக்கங்களிலோ, வேறு வேறு பாட்டோடு இன்னும் ஓடுகிறது. புல்லாங்குழலை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

போன பங்குனியில் அத்தை வீட்டுக்குப் போனேன். விடியுமுன் எழுப்பினார். பழைய குழியைத் தூர்த்துவிட்டார்கள். ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து இன்னும் தள்ளிப் புதிதாகத் தோண்டியிருந்தார்கள். பத்து நிமிட நடை இப்போது இருபத்தைந்து நிமிடம். கூடுதல் பதினைந்து நிமிடமும் என் வீடியோவின் கணக்கில் எழுத வேண்டியது. போக பதினைந்து, குடத்தோடு திரும்ப பதினைந்து, தினமும்.

அங்கே ஐந்தாறு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில் முகம் தெரியவில்லை. குடங்கள் மட்டும் வெளிறித் தெரிந்தன. நான் உரிமையோடு குழிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அத்தை என் கையிலிருந்த சிரட்டையை வாங்கிக்கொண்டார்.

"கடைசியில போய் உக்காரு மருமகளே. நம்ம முறை வரட்டும்."

போய் உட்கார்ந்தேன்.